ஒரு கதவை மூடுவதற்கு: மும்பை லோக்கலுக்குப் புது ரயில் வாங்கும் கதை

2025 ஜூன் 9, திங்கட்கிழமை காலை. மும்பைக்கு வடகிழக்கே திவாவுக்கும் மும்ப்ராவுக்கும் நடுவில் தண்டவாளம் வளைகிற இடம். எதிரெதிரே வந்த இரண்டு லோக்கல் ரயில்களின் படியில் தொங்கிக்கொண்டிருந்தவர்கள் ஒருவர்மீது ஒருவர் உரசிக் கீழே விழுந்தார்கள். நான்கு பேர் அன்றே இறந்துபோனார்கள். ரயில்வே உடனடியாக ஒரு முடிவைச் சொன்னது: மும்பைக்கு இனி செய்யப்படும் லோக்கல் ரயில்கள் எல்லாமே தானாக மூடிக்கொள்ளும் கதவோடு வரும்.

செய்தியைப் படித்த யாருக்கும் அடுத்து வரும் கேள்வி இதுதான்: ஒரு கதவுதானே, இத்தனை வருஷம் ஏன் போடவில்லை? டவுன் பஸ்ஸில்கூட வந்துவிட்டதே.

கேள்வி நியாயமானது. ஆனால் அந்தக் கதவை மூட முயன்ற கதையின் பின்னால் போனால் மேம்பாலத்தின் உயரம், மின்கம்பியின் வோல்ட், பெரம்பூர் தொழிற்சாலை, உலக வங்கிக் கடன், ஐந்து ரூபாய் டிக்கெட் என்று எங்கெங்கோ போய் நிற்க வேண்டியிருக்கிறது. ஒரு நகரம் புது மின்சார ரயில் வாங்கும்போது உண்மையில் எதையெல்லாம் வாங்குகிறது என்று பார்க்க, எனக்குத் தெரிந்து இந்தியாவில் மும்பையைவிட நல்ல இடம் இல்லை.

நொடிக் கணக்கு

மும்பை லோக்கல் ஒரு நாளில் சுமப்பது சுமார் 75 லட்சம் பேரை. மேற்கு ரயில்வேயும் மத்திய ரயில்வேயும் சேர்ந்து 3,000-க்கும் அதிகமான சர்வீஸ்களை ஓட்டுகின்றன. இந்த நெரிசலைக் குறிக்க ரயில்வே அதிகாரிகள் ஒரு தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள்: 'சூப்பர் டென்ஸ் கிரஷ் லோடு'. ஒரு சதுர மீட்டரில் 14 முதல் 16 பேர் நிற்பது என்று அதற்குப் பொருள். ஒற்றைக் கட்டிலில் பாதியைவிடக் கொஞ்சம் பெரிய இடம், அதில் 15 பேர். கற்பனை செய்து பார்க்க முடியாவிட்டால் ஒரு வேலைநாளில் காலை எட்டரைக்கு தாதர் ஸ்டேஷனுக்குப் போய்ப் பார்க்கலாம். பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

உச்ச நேரத்தில் ஒரே தடத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடத்துக்கு ஒரு ரயில். ஒரு ஸ்டேஷனில் நிற்பது 20, 30 நொடி. அதற்குள் நூற்றுக்கணக்கானோர் இறங்கி, நூற்றுக்கணக்கானோர் ஏறியாக வேண்டும். எப்படி முடிகிறது? ரயில் நிற்பதற்கு முன்பே பாதிப் பேர் குதித்துவிடுகிறார்கள். கிளம்பிய பிறகும் சிலர் ஓடி வந்து கம்பியைப் பிடித்துத் தொற்றிக்கொள்கிறார்கள். அதாவது கால அட்டவணையில் எழுதியிருக்கும் 30 நொடிக்கு முன்னும் பின்னும் சில நொடிகளைத் திறந்த வாசல்தான் சம்பாதித்துக் கொடுக்கிறது. பழைய டப்பாக்களிலும் இழுத்து மூடும் கதவு உண்டு; மூடுவாரில்லை, அவ்வளவுதான். டப்பா என்றால் அங்கே ரயில் பெட்டி.

கதவை மூடினால் என்ன ஆகும் என்று ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம். சர்ச்கேட்டிலிருந்து விரார் 60 கிலோமீட்டர். எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் ஸ்லோ லோக்கலுக்கு நடுவில் 27 நிறுத்தம். கதவு மூட, யாரோ பையை நடுவில் வைக்க, மறுபடி திறந்து மூட என்று நிறுத்தத்துக்கு 10 நொடி கூடுதலாகப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். போக 270 நொடி, வர 270 நொடி, மொத்தம் ஒன்பது நிமிடம். மூன்று நிமிடத்துக்கு ஒரு ரயில் என்ற அதே இடைவெளியைக் காப்பாற்ற வேண்டுமானால் அந்தத் தடத்தில் மட்டும் மூன்று ரேக் கூடுதலாக வேண்டும். ரேக் என்பது 12 பெட்டியோ 15 பெட்டியோ கோத்த ஒரு முழு ரயில். ஆக, கதவு போடுவதற்காக ரயிலை மாற்றப் போனால் கதவினாலேயே இன்னும் சில ரயில் வாங்க நேரும்.

நடைமுறையில் இதைவிட மோசமான தருணங்களும் உண்டு. ஒரே ஒரு கதவு மூடவில்லை என்றாலும் ரயில் கிளம்பாது. பின்னால் வரிசையாக நிற்கும் ரயில்கள் அத்தனையும் காத்திருக்கும்.

சரி, நொடியைச் சமாளித்தாயிற்று. அடுத்தது காற்று. சும்மா நிற்கும் மனித உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியே விடுகிறது, பழைய குண்டு பல்பு ஒன்றைப் போல. ஒரு ரயிலில் 5,000 பேர் என்றால் 500 கிலோவாட். கடலோரத்து மே மாதப் புழுக்கத்தில், அடைத்த தகரப் பெட்டிக்குள் அரை மெகாவாட் அடுப்பை எரியவிட்ட மாதிரி. வாசல் திறந்திருப்பதால் மட்டுமே மனிதர்கள் உள்ளே மயங்கி விழாமல் போய்ச் சேருகிறார்கள். கதவை மூடு என்றால் காற்றுக்கு வழி செய் என்று அர்த்தம். அதற்குக் குளிர்சாதனம் வேண்டும், அல்லது கூரையில் பெரிய காற்றூதி வேண்டும். இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும்.

மின்சாரம் என்றவுடன் கதை நூறு வருஷம் பின்னால் போகிறது.

1,500 வோல்ட்டின் வால்

இந்தியாவின் முதல் மின்சார ரயில் 1925 பிப்ரவரி 3 அன்று பம்பாய் விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு ஓடியது. மேலே கம்பியில் 1,500 வோல்ட் நேர்திசை மின்சாரம். அன்றைக்கு உலகத்தில் நல்லதென்று நினைத்த முறை அது. மூன்று ஆண்டுகளில் மேற்குப் பக்கம் போரிவலி வரை அதே முறை போனது. 1931-இல் சென்னையில் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே மீட்டர்கேஜில் மின்சார ரயில் வந்தபோதும் 1,500 வோல்ட்தான்.

இந்த முறையின் சிக்கலைப் பள்ளிக்கூடப் பெருக்கல் கணக்கிலேயே சொல்லிவிடலாம். திறன் என்பது வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வருவது. ஒரு ரயில் கிளம்பும்போது 3 மெகாவாட் இழுக்கிறது என்றால் 1,500 வோல்ட் கம்பியில் 2,000 ஆம்பியர் ஓட வேண்டும். அதையே 25,000 வோல்ட்டில் கொடுத்தால் 120 ஆம்பியர் போதும். ஆம்பியர் ஏற ஏறக் கம்பி தடிக்க வேண்டும், வழியில் வீணாகும் மின்சாரம் கூடும், சில கிலோமீட்டருக்கு ஒரு துணை மின்நிலையம் வேண்டும். மூன்று நிமிடத்துக்கு ஒன்றாக 12 பெட்டி ரயில்கள் ஓடுகிற தடத்தில் 1,500 வோல்ட் மூச்சு வாங்கியது. ரயிலை நீட்டவும் முடியாது, எண்ணிக்கையைக் கூட்டவும் முடியாது.

சென்னை இந்தத் தலைவலியைச் சீக்கிரமே தீர்த்துக்கொண்டது. தாம்பரம் தடம் 1960-களிலேயே 25,000 வோல்ட் மாறுதிசை மின்சாரத்துக்கு மாறிவிட்டது. அன்று அது ஒரே ஒரு சின்னத் தடம், மாற்றுவது எளிது. மும்பையில் நாள் முழுக்க, இரவில் ஒரு சில மணி நேரம் தவிர, ரயில் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஓடுகிற சைக்கிளுக்குச் சக்கரம் மாற்றுகிற வேலை. மேற்கு ரயில்வேயில் 2012 பிப்ரவரியில் முடிந்தது, மத்திய ரயில்வேயின் பிரதானத் தடத்தில் 2015 ஜூனில், ஹார்பர் தடத்தில் 2016 ஏப்ரலில். குர்லாவுக்குப் போய் 1925-இல் தொடங்கிய நேர்திசை மின்சாரம், 2016 ஏப்ரல் 9 இரவு குர்லாவிலிருந்து கிளம்பிய ஒரு கடைசி ரயிலோடு விடைபெற்றது.

இதில் ரயில் வாங்குபவர்களுக்கு என்ன சிக்கல்? ஒரு ரேக்கின் ஆயுள் 25 ஆண்டு, அதற்கு மேலும் இழுப்பார்கள். நீங்கள் இன்று ஆர்டர் கொடுக்கும் ரயில் முதல் சில வருஷம் பழைய மின்சாரத்தில் ஓட வேண்டும், மீதி இருபது வருஷம் புது மின்சாரத்தில் ஓட வேண்டும். ஆகவே இரண்டிலும் ஓடும் ரயிலைத்தான் கேட்க முடியும். மின்மாற்றியையும் அது சார்ந்த கருவிகளையும் சில காலம் வெறும் பாரமாகச் சுமந்துகொண்டு திரியும் ரயில். விலையும் கூடுதல். வேறு வழி இல்லை.

இந்த இடத்தில் ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மாறுதிசை மின்சாரத்துக்கும் ஏசி என்றுதான் பெயர், குளிர்சாதனத்துக்கும் ஏசி என்றுதான் பெயர். இனிமேல் வரும் ஏசி எல்லாம் குளிர்சாதனம்.

பெரம்பூரில் கட்டி, மும்பையில் ஓட்டி

1999-இல் ரயில்வே அமைச்சகம் 51 சதவீதமும் மகாராஷ்டிர அரசு 49 சதவீதமும் பங்கு போட்டு மும்பை ரயில்வே விகாஸ் கார்ப்பரேஷன் என்ற நிறுவனத்தைத் தொடங்கின. சுருக்கமாக எம்ஆர்விசி. புறநகர் ரயில் டிக்கெட்டில் வரும் பணம் செலவுக்கே போதாதபோது நூற்றுக்கணக்கில் ரேக் வாங்கப் பணம் எங்கிருந்து வரும்? 2002-இல் உலக வங்கி மும்பையின் போக்குவரத்துத் திட்டத்துக்கு 54.2 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் கொடுத்தது. கடனை அடைப்பதற்காக டிக்கெட்டோடு ஒரு சிறு கூடுதல் கட்டணம் சேர்த்தார்கள். சீசன் டிக்கெட் வாங்கும் மும்பைக்காரர், தான் நின்று பயணம் செய்யும் பெட்டிக்குத் தானே தவணை கட்டினார் என்று சொல்லலாம்.

முதல் கட்டத்தில் வந்தவை ஒன்பது பெட்டி ரேக்குகள் 101, மொத்தம் 909 பெட்டிகள். பெட்டிகளைக் கட்டியது சென்னை பெரம்பூர் ஐசிஎஃப். மோட்டாரும் அதை ஆட்டிவைக்கும் மின்னணுக் கருவிகளும் சீமென்ஸ். இந்தப் பிரிவினை முக்கியம். 1955 அக்டோபர் 2 அன்று நேரு திறந்துவைத்த அந்தத் தொழிற்சாலைக்குக் கூடு கட்டுவது கைவந்த கலை. உள்ளே வைக்கும் மின் கருவிகளுக்கு மட்டும் உலக அளவில் டெண்டர். அப்படி வாங்கினால் விலை குறையும், வேலை உள்ளூரில் இருக்கும்.

2007 நவம்பரில் முதல் சீமென்ஸ் ரேக் பயணிகளோடு ஓடியது. வெள்ளையும் ஊதாவும் கலந்த நிறம். பழைய ரயிலில் ஏறிப் பழகியவர்களுக்கு முதலில் தெரிந்த வித்தியாசம் கூரையிலிருந்து வந்த காற்று. வெளிக்காற்றை இழுத்து உள்ளே தள்ளும் கருவி வைத்திருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத வித்தியாசங்கள் இன்னும் பெரியவை. காற்றுப் பை வைத்த சஸ்பென்ஷன் இருந்ததால் கூட்டம் ஏறினாலும் பெட்டி அமுங்காமல் நடைமேடையின் மட்டத்திலேயே நின்றது. பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராகி மின்சாரத்தைக் கம்பிக்குத் திருப்பி அனுப்பியது. ஐந்து நிமிடத்துக்குள் இரண்டு முறை நின்று கிளம்பும் ரயிலில் இது சில்லறை விஷயம் இல்லை. சுமார் 30 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது ரயில்வேயின் கணக்கு.

இரண்டாவது கட்டத்தில் 12 பெட்டி ரேக்குகள் 72. இந்த முறை மின் கருவிகள் பொம்பார்டியர். முதல் ரேக் 2013-இல் மும்பைக்கு வந்துசேர்ந்தது. பயணிகள் ஏறியது 2015 மார்ச்சில். நடுவில் ஒரு வருஷத்துக்கு மேல் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

சோதனை செய்துகொண்டிருந்தார்கள். பெரம்பூரில் கட்டிய லோக்கல் ரயிலை ஒரு இன்ஜின் கட்டி இழுத்துத்தான் மும்பைக்குக் கொண்டுபோவார்கள். அங்கே போனதும் பயணிகளின் எடைக்குச் சமமாக மணல் மூட்டைகளை அடுக்கி ஓட்டுவார்கள். லக்னோவிலுள்ள ரயில்வேயின் ஆய்வு அமைப்பு ஆட்டத்தை அளக்கும், அவசர பிரேக் போட்டால் எத்தனை மீட்டரில் நிற்கிறது என்று அளக்கும். ரயிலின் மின்னணுக் கருவிகள் சிக்னலுக்கு இடைஞ்சல் தருகின்றனவா என்றும் பார்ப்பார்கள். கடைசியில் ரயில்வே பாதுகாப்பு ஆணையரகம் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஆணையரகம் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் வருவதில்லை. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. ரயிலை ஓட்டுபவரே ரயிலுக்குச் சான்றிதழ் கொடுக்கக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. கேட்கும்போது வேடிக்கையாக இருந்தாலும் காரணம் சரியானதுதான்.

கட்டத்துக்குக் கட்டம் மின் கருவிக்குத் தனி டெண்டர் போட்டு வாங்குவதில் வேறொரு செலவு ஒளிந்திருக்கிறது. சீமென்ஸ் ஒரு மாதிரி, பொம்பார்டியர் ஒரு மாதிரி. அப்புறம் ஏசி ரயில்களில் அரசு நிறுவனமான பெல் (BHEL) ஒரு மாதிரி, ஹைதராபாத்தின் மேதா ஒரு மாதிரி. ஒவ்வொன்றுக்கும் தனி உதிரிபாகம், தனி மென்பொருள், தனிப் பயிற்சி. வாங்கும் நாளில் மிச்சம் பிடித்த பணம், ரயிலை நிறுத்திப் பராமரிக்கும் கார்ஷெட்டில் மெல்ல மெல்லக் கசிகிறது.

சில சென்டிமீட்டர்

2016 ஏப்ரலில் பெரம்பூரிலிருந்து நாட்டின் முதல் ஏசி லோக்கல் ரயில் குர்லா கார்ஷெட்டுக்கு வந்துசேர்ந்தது. கூட்டம் கூடி வேடிக்கை பார்த்தார்கள். மத்திய ரயில்வேயில் ஓட்டுவதுதான் திட்டம்.

ஓட்ட முடியவில்லை. கூரைமேல் ஏசி கருவி வைத்ததில் ரயில் வழக்கத்தைவிடச் சில சென்டிமீட்டர் உயரமாகிவிட்டது. மத்திய ரயில்வேயின் தென்பகுதியில் தண்டவாளத்துக்குக் குறுக்கே நிற்பவை பிரிட்டிஷ் காலத்துத் தாழ்ந்த மேம்பாலங்கள். மேலே 25,000 வோல்ட் கம்பி. கம்பிக்கும் ரயில் கூரைக்கும், கம்பிக்கும் பாலத்தின் அடிக்கும் இத்தனை இடைவெளி இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்தச் சில சென்டிமீட்டர் அந்த விதிக்குள் அடங்கவில்லை. ரயிலை மேற்கு ரயில்வேக்கு மாற்றினார்கள். 2017 டிசம்பர் 25 அன்று, வந்து இருபது மாதம் கழித்து, முதல் பயணிகளை ஏற்றியது.

இதை யாருடைய முட்டாள்தனம் என்றும் சிரித்துவிட்டுப் போக முடியும். நான் அப்படிப் பார்க்கவில்லை. இந்த அளவுக்குப் பழைய பாதையில் எந்தப் புது ரயிலும் நூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ வைத்த அளவுகளுக்குள்தான் வளைந்து நெளிந்து நுழைய வேண்டும். பாலத்தை உயர்த்து என்றால் அது மாநகராட்சியின் பாலம். மேலே போகும் சாலையையும் உயர்த்த வேண்டும். ஓரத்துக் கட்டடங்கள் இருக்கின்றன. ரயிலைத் தாழ்த்துவதுதான் சுலபம். அடுத்து வந்த ரேக்குகளை மத்திய ரயில்வேயின் அளவுக்கு ஏற்பச் செய்தார்கள். 2020 ஜனவரியில் தாணே - பன்வேல் தடத்தில் ஏசி ஓடத் தொடங்கியது. பின்னால் வந்த சில ரேக்குகளில் மோட்டாருக்கான கருவிகளைப் பெட்டிக்குள் வைக்காமல் தரைக்கு அடியில் தொங்கவிட்டதால் உள்ளே இன்னும் கொஞ்சம் பேர் நிற்க இடமும் கிடைத்தது. ஆனால் மழைக்காலத்தில் தண்டவாளம் மூழ்கும் ஊரில் மின் கருவியை அடியில் தொங்கவிடுவது எவ்வளவு யோசிக்க வேண்டிய விஷயம் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஒரு வழியாகக் கதவு மூடிவிட்டது. உள்ளே குளிர்ச்சி. விபத்து இல்லை. யார் ஏறினார்கள்?

முதலில் பெரிதாக யாருமில்லை. தொடக்கக் கட்டணம் முதல் வகுப்பு டிக்கெட்டைப் போல 1.2 மடங்கு. ஐந்து கிலோமீட்டருக்கு 65 ரூபாய் வரை போனது. இரண்டாம் வகுப்பில் அதே தூரத்துக்கு ஐந்து ரூபாய். 2022 மே மாதம் ஒற்றைப் பயணக் கட்டணத்தைப் பாதியாகக் குறைத்தார்கள். 65 ரூபாய் 30 ஆனது. கூட்டம் வரத் தொடங்கியது. வந்த கூட்டத்தை நம்பி மத்திய ரயில்வே இன்னும் சில சாதாரண லோக்கல்களை ஏசியாக மாற்றியது.

2022 ஆகஸ்டில் கல்வாவில் வெடித்தது. கல்வாவில் ஒரு கார்ஷெட் இருக்கிறது. காலையில் ஷெட்டிலிருந்து தாணே நோக்கிக் கிளம்பும் காலி ரயிலில் ஷெட்டிலேயே போய் ஏறி உட்கார்ந்துகொள்வது அக்கம்பக்கத்தில் இருப்பவர்களுக்கு வழக்கம். விதிப்படி தப்பு, ஆனால் வருஷக்கணக்கில் நடப்பது. அந்த ரயில் ஒரு நாள் ஏசியாக மாறியது. ஏசி ரயிலில் கதவு மூடியிருக்கும். கோபத்தில் தண்டவாளத்தில் இறங்கி மறித்தார்கள். சில நாளில் பத்லாபூரிலும் போராட்டம். அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி: எங்கள் ஐந்து ரூபாய், பத்து ரூபாய் ரயிலை எடுத்துவிட்டு அதே நேரத்தில் ஏசி விட்டால் நாங்கள் எதில் போவது? புதிதாகச் சேர்த்த 10 ஏசி சர்வீஸ்களை மத்திய ரயில்வே திரும்பப் பெற்றது.

தடத்தில் இடம் இல்லாத ஊரில் ஒரு ஏசி ரயில் வந்தால் அது ஒரு சாதாரண ரயிலின் இடத்தில்தான் வரும். ஏசி ரயிலை யாரும் வெறுக்கவில்லை. தங்கள் ரயில் காணாமல் போனதைத்தான் எதிர்த்தார்கள். கொள்முதல் கோப்பில் 'பெட்டியின் வகை' என்று ஒரு கட்டத்தில் எழுதும் வார்த்தை, கல்வாவில் போய் யார் உள்ளே யார் வெளியே என்ற வார்த்தையாக மாறிவிடுகிறது.

சென்னைக்காரர்கள் இந்த இடத்தில் லேசாகச் சிரித்துக்கொள்ளலாம், அல்லது முகத்தைச் சுளித்துக்கொள்ளலாம். ஏசி லோக்கல் பிறந்தது பெரம்பூரில். மும்பையில் அது ஓடத் தொடங்கி ஏழு வருஷத்துக்கு மேல் கழித்து, 2025 ஏப்ரல் 19 அன்றுதான் சென்னை கடற்கரை - செங்கல்பட்டு தடத்தில் முதல் ஏசி மின்சார ரயில் வந்தது. குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய், அதிகபட்சம் 105. பக்கத்து நடைமேடையில் ஐந்து ரூபாய் டிக்கெட்டில் சாதாரண ரயில் நிற்கிறது. மும்பையின் அதே கணக்கு, சின்ன அளவில்.

238 ரேக்

இப்போது பெரிய ஆர்டருக்கு வருவோம். 2016 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற மூன்றாம் கட்டத்தில் 47 ரேக்குகள், 2019 மார்ச்சில் ஒப்புதல் பெற்ற அடுத்த கட்டத்தில் 191 ரேக்குகள். இரண்டும் சேர்ந்து 238. ரேக்குக்கு 12 பெட்டி என்றால் 2,856 பெட்டிகள், அத்தனையும் ஏசி. 2023-இல் எம்ஆர்விசி டெண்டர் அழைத்தது. மதிப்பு சுமார் 20,000 கோடி ரூபாய். அது முடிவுக்கு வராமலே போனது. 2025-இல் அதே 2,856 பெட்டிகளுக்கு மறுபடி டெண்டர்.

முன்பு வாங்கிய முறையிலிருந்து இது அடியோடு வேறு. முன்பு ஐசிஎஃப் கூடு கட்டியது, வெளி நிறுவனம் கருவி கொடுத்தது, ரயில்வே ஊழியர்கள் கார்ஷெட்டில் பராமரித்தார்கள். இப்போது ஒரே நிறுவனம் ரயிலைச் செய்து கொடுத்து 35 ஆண்டு பராமரிக்கவும் வேண்டும். 2023-இல் ரஷ்யக் கூட்டு நிறுவனத்தோடு செய்துகொண்ட 120 வந்தே பாரத் ஸ்லீப்பர் ரயில் ஒப்பந்தமும் இதே வகை.

இந்த முறையின் தர்க்கம் புரிகிறது. ரயிலை விற்றுவிட்டுப் போகிறவருக்கு அது பத்தாவது வருஷம் பழுதாவது பற்றிக் கவலை இல்லை. காலையில் இத்தனை ரேக் ஓடத் தயாராக நிற்க வேண்டும், நிற்காவிட்டால் பணம் பிடிப்போம் என்றால் அவரே மலிவான தாங்கு உருளையைத் தவிர்ப்பார். தினமும் நூற்றுக்கணக்கான முறை திறந்து மூட வேண்டிய கதவை உழைக்கிற மாதிரி செய்வார். முதல் விலை கூடினாலும் மொத்தச் செலவு குறையலாம். சூப்பர் டென்ஸ் கிரஷ் லோடில் கதவு மூடும் ரயில் வேண்டுமென்றால் செய்தவரே பொறுப்பேற்பது நல்லதுதான் என்பது என் எண்ணம்.

எனக்குள்ள தயக்கம் வேறு. 35 ஆண்டு என்பது ஏழு மக்களவைத் தேர்தல். அவ்வளவு காலம் ஒரே நிறுவனத்தின் மென்பொருளும் உதிரிபாகமும் ஊரின் காலை நேரத்தைப் பிடித்துவைத்திருக்கும். இருபதாவது வருஷம் பயணிகளின் எண்ணிக்கை மாறலாம், ஒப்பந்தக்காரர் கைமாறலாம். சீமென்ஸ் ரயிலைப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட கார்ஷெட் தொழிலாளியின் கைத்திறனும் ரயில்வேயிடமிருந்து மெல்ல வெளியே போய்விடும். அதை மறுபடி விலைக்கு வாங்க முடியாது.

ரயில் வாங்கினால் இரவில் நிறுத்த இடம் வேண்டும். கேட்டால் அற்ப விஷயம் போலத் தெரியும். ஏற்கெனவே இருக்கும் கார்ஷெட்டுகள் எல்லாம் நிரம்பி வழிகின்றன, பலவற்றின் தடங்கள் நீண்ட ரேக்குக்குப் போதாது. ஆகவே மத்திய ரயில்வேக்குப் பிவ்புரியிலும் மேற்கு ரயில்வேக்கு வான்காவிலும் புது ஷெட்டுகள் திட்டமிட்டிருக்கிறார்கள். ஒன்று கர்ஜத் பக்கம், இன்னொன்று தகானு பக்கம். நகருக்குள் நிலம் இல்லை, அதனால் ஊரின் இரண்டு நுனிகளுக்கும் அப்பால். ஒவ்வொரு நாளும் காலி ரயில் அவ்வளவு தூரம் வந்து போக வேண்டும். அதற்கும் தடத்தில் இடம் வேண்டும்.

புது டெண்டரில் 12 பெட்டி மட்டும் இல்லை, 15, 18 பெட்டி ரயில்களும் இருக்கின்றன. ஒரு பெட்டி ஏறத்தாழ 21 மீட்டர். 12 பெட்டி 250 மீட்டர், 18 பெட்டி 375 மீட்டருக்கு மேல். திறந்த வாசல் ரயிலில் கடைசிப் பெட்டி நடைமேடையைத் தாண்டி நின்றால் மக்கள் எப்படியோ குதித்துச் சமாளிப்பார்கள். தானியங்கிக் கதவுள்ள ரயிலில் அது நடக்காது. நடைமேடைக்கு வெளியே நிற்கும் கதவு திறக்கவே கூடாது. ஆக ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நடைமேடையை நீட்ட வேண்டும். நீட்டும் இடத்தில் தடம் மாற்றும் பாயிண்டும் சிக்னலும் இருக்கும், லெவல் கிராசிங் இருக்கும், சில இடத்தில் ஆற்றுப் பாலமே இருக்கும்.

மும்ப்ரா விபத்துக்குப் பிறகு ரயில்வே இன்னொரு வழியையும் சொன்னது. ஏசி இல்லாமலே கதவு மூடும் ரயில். கதவில் காற்று நுழையச் சாய்வான தகடுகள், கூரையில் காற்றூதி, ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததற்கு நடந்து போகும் வழி. கூட்டம் ஒரே பெட்டியில் அடையாமல் பரவும் என்பது கணக்கு. அரை மெகாவாட் வெப்பத்தைத் தகட்டு இடுக்கின் வழியாக எவ்வளவு வெளியேற்ற முடியும் என்பதை மே மாதத்தில்தான் பார்க்க முடியும். ஆனால் ஏசியின் செலவு இல்லாமல் கதவை மூடும் ஒரே யோசனை அதுதான் என்பதால் எனக்கு அதன்மேல் ஒரு மரியாதை உண்டு.

238 ஏசி ரேக்கும் வந்த பிறகும் கட்டணம் உயராது என்று மகாராஷ்டிர முதல்வர் தேவேந்திர ஃபட்னாவிஸ் 2025-இல் சொன்னார். அப்படியானால் ஐந்து ரூபாய் டிக்கெட்டில் ஏசி. பயணிகளுக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை. மும்பை திட்டங்களின் செலவை ரயில்வேயும் மாநிலமும் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொள்வது வழக்கம். அது ரயிலை வாங்கும் செலவு. வாங்கிய பிறகு, தினமும் அரை மெகாவாட்டைக் குளிர்விக்கும் மின்கட்டணமும் 35 ஆண்டு பராமரிப்புப் பணமும் யார் கணக்கில் ஏறும் என்பதை இரண்டு பக்கமும் இனிமேல்தான் உட்கார்ந்து பேச வேண்டும்.